மாமா பிக்கப்பின் முன் சீட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் திருச்செங்கோட்டு ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று நிற்கிறதே, அதன் முதல் தூணுக்குக் குழி தோண்டியது இந்தக் கைதான். மாமனார் வீட்டில் கை நீட்டவில்லை. யார் சிபாரிசும் இல்லை. கடனுக்குப் போய் நின்றபோது, கையெழுத்தாவது போட வருமா என்று பேங்க் மேனேஜர் கேட்டார். இன்றைக்கு அந்த நாற்காலியில் இருப்பவர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். என் பட்டறையில் கட்டிய, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராத ஊர்களில் போர் போட்டுக்கொண்டிருக்கின்றன. தண்ணீரே இல்லாத மேட்டுக்காட்டில் கோழிப்பண்ணை போட்டேன். சீக்கு வந்து கொட்டகையே காலியானது. ஊர் சிரித்தது. மறுபடியும் போட்டேன். சிரித்தவர்களே என்னிடம் குஞ்சு வாங்க வந்தார்கள்.

இவ்வளவும் செய்தவனைப் பற்றி எங்கள் ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், யாராவது பேசுகிறார்களா? இல்லை. விசேஷ வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது எழும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். என் மாமன் மகளின் கை!

போன மாதம் அவள் பேத்திக்குக் காது குத்தினார்கள். மாமாவுக்கு இப்போது காது மந்தம், கண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. மகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, வந்திருந்த புதுச் சம்பந்திகளிடம் சொன்னார்: "இந்தக் கையிதானுங்க அன்னிக்கு என்ற வண்டிக்குப் பூஸ்டர் மாட்டுச்சு. அதனாலதானுங்க இந்தக் குடும்பமே நிக்குது." சம்பந்திகள் வாயைப் பிளந்தார்கள். அவள் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படித்தான் குனிவாள், எனக்குத் தெரியும். அதே வரிசையில் கையில் பாயச டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பாவின் முகம் மனதில் பதிவதற்கு முன்பே அவர் போய்விட்டதால், அம்மாவும் நானும் மல்லசமுத்திரம் பக்கத்தில் மாமாவின் காட்டில்தான், அவருடைய தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். மாமா முதலில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். பிறகு லாரி ஓட்டினார். அப்புறம் அதையும் விட்டுவிட்டுக் கோழிக் கொட்டகை போட்டு, முட்டை ஏற்றிப்போகப் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். நான் ஒருவன், மாமன் மகள் ஒருத்தி. அவள் என்னைவிடச் சில மாதம் மூத்தவள். அந்தச் சில மாதத்தை ஒரு நாளும் மறக்கவிட மாட்டாள்.

மேட்டூரில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடும் வேலை மாமாவுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை முதல் லோடு போயாக வேண்டும். தவறினால் அந்த வேலையைத் தட்டிக்கொண்டு போக அடுத்த காட்டுக்காரர் தயாராக இருந்தார். அந்த நேரம் பார்த்து பிக்கப்பின் பிரேக் மக்கர் செய்தது. மிதி கல்லாக இறுகிவிட்டது. மாமா சீட்டிலிருந்து எழுந்து அதன்மேல் ஏறி நின்றால்தான் வண்டி நிற்கும்.

பூஸ்டர் என்பது பானை மூடி அளவில் உருண்டையான தகர டப்பா. பானெட்டைத் திறந்தால் டிரைவருக்கு நேர் எதிரே தெரியும். காலால் மிதிக்கிற மிதியை இன்ஜின் இழுக்கும் காற்றின் பலத்தால் பல மடங்காக்கி, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ள உதவுவது அதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துபோனால் அது வெறும் டப்பா; எங்கள் வண்டியில் அதுதான் கிழிந்திருந்தது. மாமா சேலத்துக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் அதே அளவில் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் குழாயில் வாயை வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்து, "காத்துப் புடிக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "வேல பாத்தவிகளுக்கு நாளைக்கு முன் சீட்டு. மேட்டூரு அணைய நல்லாப் பாக்கலாம்."

அணை எனக்குப் பெரிதில்லை. முன் சீட்டுதான் பெரிது. அந்தச் சீட்டில் உட்கார்ந்து சந்தைக்கடை வழியாகப் போகும்போது, கூடப் படிக்கும் பயல்கள் பார்ப்பார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நானும் ஒரு அப்பா இருக்கிற பையன்போலத் தெரிவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வேலை ஆரம்பித்ததுமே எனக்கு அடி விழுந்தது. பூஸ்டரை வண்டியோடு பிடித்திருக்கும் நான்கு நட்டுகளும் கேபினுக்குள், மிதிக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால் இருந்தன. மாமாவின் கை உள்ளே போகவில்லை. என்னை விட்டுப் பார்த்தார். என் கையும் போகவில்லை. பண்ணையில் உடைந்த முட்டை அத்தனையும் எனக்குத்தான். அவளுக்கு முட்டை வாடையே ஆகாது. அதனால் என் கை உருண்டு திரண்டு இருக்கும், அவள் கை முருங்கைக்காய்போல் இருக்கும். மாமா அவளைப் பார்த்தார். அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு சீட்டில் தலைகீழாகப் படுத்து, காலை மேலே போட்டு, தலையை மிதிக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள்.

"கிடைச்சுருச்சுங்கப்பா! மேல ஒண்ணு, அக்கட்டால ஒண்ணு!"

"சபாஷ் அம்மிணி! ஸ்பேனரப் போடு. மெதுவாத் திருப்பு."

எனக்கு என்ன வேலை? அவள் கழற்றிக் கொடுக்கும் நட்டுகளை வாங்கித் தட்டில் போடும் வேலை.

"தட்ட ஒழுங்காப் புடிடா. நட்டு கீழ உழுந்துச்சுன்னா நீதான் தேடோணும்."

"புடிச்சுக்கிட்டுத்தான இருக்கறேன். நீ பெரிய மேஸ்திரியாட்டம் பேசாத."

"மேஸ்திரிதான். உன்ற கை உள்ள போச்சா?"

அவள் நீட்டிய நட்டைத் தட்டில் டங்கென்று போட்டேன். பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

மாமா மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். பூஸ்டரின் மூக்கில் உட்கார்ந்துகொண்டு ஆயிலைத் தள்ளுகிற உருளை அது. ஆயில் குழாய்களைப் பிரிக்காமல் அதை அலுங்காமல் ஒதுக்கி வைத்தார். பழைய டப்பாவை உருவி எடுத்தார். புதியதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்க்கப் போனார். அதற்குள் மாமாவின் மனைவி, என் அத்தை, கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, நல்ல நேரம் போகுதுங்க. அப்புறம் எமகண்டம் வந்துரும். மாட்டிப்போட்டு வாங்க."

"இரு புள்ள, ஒருக்கா அளந்துக்கறேன்."

"வட்டமும் வட்டமும் ஒண்ணாத்தான இருக்குது! இன்னும் என்ன அளக்கறீங்க?"

மாமா வட்டத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மாட்டிவிட்டார். மாமன் மகள் மறுபடியும் தலைகீழாகப் போய் நான்கு நட்டுகளையும் முடுக்கினாள். மாமா இன்ஜினை ஓடவிட்டுப் பல தடவை மிதித்துப் பார்த்தார். மிதி மெத்தென்று இறங்கியது. மாமாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுப் பூஜை. எங்கள் காட்டில் வண்டி வேலை முடிந்தால் ஒரு பழக்கம் உண்டு. கொட்டகைக்கு முன்னால் தரை லேசாகச் சரிந்திருக்கும். வண்டியை அங்கே நிறுத்திக் கல் முட்டுக் கொடுத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் கல்லை எடுத்துவிட்டால், வண்டி தானாகவே நகர்ந்து பழத்தை நசுக்க வேண்டும். யாரும் தள்ளக் கூடாது, இன்ஜினும் ஓடக் கூடாது. வண்டி தன் இஷ்டத்தோடு கிளம்புகிறது என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்குக் கல்லை எடுத்தோம். வண்டி நகரவில்லை.

அத்தையின் முகம் மாறியது. மாமா சமாளித்தார். "ரொம்ப நேரமா நின்னுச்சுல்ல, சோம்பலு." ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டு, கியரை விழவைத்து ஒரு உறுமல் உறுமினார். பழம் நான்கும் நசுங்கின. எல்லோரும் அப்பாடா என்றார்கள். மாமா தார் ரோடுவரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே இடத்தில் நிறுத்திக் கல் முட்டுப் போட்டார். இறங்கியவர் நேராக மகளிடம் போய் அவள் தலையில் கை வைத்தார்.

"அம்மிணி, நாளைக்கு முன் சீட்டு உனக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். என் அம்மாவும் கை தட்டினாள். சொந்த அம்மா!

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கவனமாகப் படியுங்கள், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அவர்கள் எல்லோரும் சந்தோஷமாக நின்றார்கள். சந்தோஷமாக இருக்கிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனக்கு அவள் வேலையில் ஒரு குறை வேண்டும். குறை இருந்தே ஆக வேண்டும். பழத்தை ஏன் வண்டி தானாக நசுக்கவில்லை? இத்தனை நாளும் நசுக்கிய வண்டிதானே? அவள் மாட்டியதற்கு அப்புறம்தானே இப்படி? வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனபோது முகத்தில் அனல் அடித்தது. குனிந்து, அந்தச் சக்கரத்தின் நடு இரும்பில் துப்பினேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சுர்ரென்றது.

"மாமா! இவ முடுக்குனது சரியில்லீங்க! சக்கரம் கொதிக்குது!"

"பொய்யிங்கப்பா! நாலு நட்டும் நான் முடுக்குனது. வேணும்னா இவன் பல்லால கடிச்சுப் பாக்கட்டும்!"

"மாப்ள, உனக்கு அவ மேல காந்தல். போய்ச் சோறு தின்னு போ."

"துப்பிப் பாருங்க மாமா!"

சிரித்துக்கொண்டே வந்தவர், தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். சிரிப்பு போய்விட்டது. அந்தச் சின்னச் சுற்றிலேயே நான்கு சக்கரமும் சூடாகியிருந்தன. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியே முட்டை ஏற்றி மேட்டூர் பக்கத்து இறக்கத்தில் விட்டிருந்தால், சூட்டில் ஆயில் கொதித்து, கடைசியில் பிரேக் மொத்தமாகவே இல்லாமல் போயிருக்கும். மாமா பட்டறையில் இருந்த காலத்தில் அப்படிப் போன வண்டிகளைப் பார்த்தவர்.

உடனே பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருந்த இரண்டு நட்டுகளை மட்டும் லேசாகத் தளர்த்தினார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் நகர்ந்து கல்லின்மேல் சாய்ந்தது.

"கம்பி நீளம்!" என்று கத்தினார் மாமா.

வட்டம் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூஸ்டருக்குள்ளிருந்து நீண்டு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி, இதில் நகத்தின் பருமன் அளவுக்கு நீளம் எச்சாக இருந்தது. யாரும் மிதிக்காதபோதும் அது தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பியின் நுனியில் மரை இருந்ததால் திருகிக் குறைத்துவிடலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது? ரொம்பக் குறைத்தால் மிதி பாதாளம்வரை போகும்.

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் சொன்னபடி சோறு தின்ன நான் போகவில்லை என்று அம்மா தட்டில் ராகிக் களியைப் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். மாமா அதில் ஒரு கிள்ளு எடுத்துக் கம்பியின் நுனியில் அப்பினார். மாஸ்டர் சிலிண்டரை மேலே வைத்து அழுத்திவிட்டுப் பிரித்தார். களி எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தார். சுத்தமாக நசுங்கியிருந்தால் கம்பி இன்னும் இடிக்கிறது. தடித்து நின்றால் இடைவெளி அதிகம். காகிதம்போல் மெல்லிசாக நின்றால் சரி.

"மாப்ள, இதப் புடி. ஆடாமப் புடி. கொழா ஒடஞ்சுதுன்னா போச்சு."

குழாய்களோடு கனத்துத் தொங்கும் அந்த மாஸ்டர் சிலிண்டரை என் கையில் கொடுத்தார். முருங்கைக்காய்க் கை அதைத் தாங்காது. அவள் கேட்டும் பார்த்தாள், மாமா தரவில்லை. என் சதைக்கை தாங்கியது. களியை அப்புவார், நான் வைத்து அழுத்துவேன், எடுப்பேன், அவர் திருகுவார். மறுபடியும் களி. தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. என் தட்டில் இருந்த களி முக்கால்வாசி வண்டிக்கே போய்விட்டது. வெயில் தாழ்ந்தபோது களி காகிதமாக நின்றது. மாமா துடைத்து முடுக்கினார். கல்லை எடுத்தோம். வண்டி சத்தமே இல்லாமல் சரிவில் உருண்டது.

மாமா என் முதுகில் தட்டினார். முன் சீட்டு எனக்குத்தான் என்று படுத்தேன்.

விடிந்ததும் முட்டை ஏற்றினார்கள். அம்மா மாமாவிடம் ஓரமாக நின்று ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். அவளும் எதிர்க்கட்சிதான் என்று முடிவு கட்டினேன். மாமா வந்து சொன்னார்: "அம்மிணி, நீ முன்னால ஏறு."

"நானுங்க மாமா?"

"நீ வேண்டாஞ்சாமி, ஊட்டுல அம்மாகூட இரு."

நான் தரையில் விழுந்து அழுதேன். புரண்டேன். வண்டிக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டேன். கடைசியில் மாமா என்னைத் தூக்கிப் பின்னால் முட்டை அட்டைகளுக்குக் கடைசியில், கதவோரமாக வைக்கோல்மேல் உட்காரவைத்தார். பின் கதவைத் தாழ் போடவில்லை. இழுத்தால் அவிழும்படி கதவை ஒரு கயிற்றால் சுருக்குப் போட்டுக் கட்டி, அதன் நுனியை என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்க. நான் உடாம ஆரன் அடிச்சன்னா, இத இழுத்துட்டு ரோட்டோரமாக் குதிச்சுரு. ஏன்னு கேக்கப்படாது."

ஏன் என்று கேட்க வேண்டுமா? எனக்கா தெரியாது? பாதி வழியில் என்னை இறக்கிவிட்டுவிட்டு, அவளை மட்டும் கூட்டிப்போய் அணை காட்டும் திட்டம்! வழி முழுக்க நான் ரோட்டைப் பார்க்கவில்லை. கேபினின் பின் கண்ணாடி வழியாகத் தெரிந்த அந்த இரட்டைச் சடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாமா நடுநடுவே திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இறக்கத்தில் எருமைக் கூட்டம் ஒன்று ரோட்டை மறித்தது. ஆரன் அலறியது. விடாமல் அலறியது. நான் கயிற்றை இழுக்கவில்லை. பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கொன்றாலும் இறங்க மாட்டேன்! வண்டி வேகம் தணிந்து, தணிந்து, ஒரு முட்டைகூட உடையாமல் எருமைகளுக்கு முன்னால் நின்றது.

மாமா குதித்துப் பின்பக்கம் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எருமைக்கு அடிச்சதுடா. நீ குதிச்சுட்டியோன்னு... ஏன்டா குதிக்கல?"

"அணையப் பாக்காம எறங்க மாட்டனுங்க."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மேட்டூர் போய் நேரத்துக்கு முட்டையை இறக்கினோம்; கேன்டீன் வேலை மாமாவுக்கே நிலைத்தது. மாமன் மகள் அணையைப் பார்த்து ஓவென்று கத்தினாள். நான் அணைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்ததை நான் பார்க்க வேண்டியதில்லை.

வெகுகாலம் கழித்து, திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் வேலைக்கு இருந்தேன். ஒரு லாரிக்கு முதல் தடவையாக நானே பிரேக் வேலை பார்த்து முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். டிரைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போற? பிரேக்கு வேல பாத்தவன் முதல் ஓட்டத்துல முன்னால உக்காரோணும். உன்ற வேலைய நீயே நம்பாட்டி நான் எப்படி நம்பறது? ஏறுடா!"

ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது பட்டறைக்காரர்களின் முறை. பட்டறையில் வளர்ந்த மாமாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? பெற்ற மகளை முறைப்படி முன்னால் உட்காரவைத்திருக்கிறார். அக்காவின் ஒரே பையனைக் குதித்துத் தப்பிக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். அன்று காலையில் அம்மா அவரிடம் என்ன கேட்டிருப்பாள் என்பதும் அந்த லாரியில்தான் எனக்கு விளங்கியது.

விளங்கி என்ன? பொறாமை தணியவில்லை, கூடிப்போனது. பரிசை அவளுக்குக் கொடுத்தார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் கொடுத்தது பரிசு இல்லை. போனால் சேர்ந்தே போவோம் என்று அவளைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மாமா, உங்களுக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் பேசாமல் எழுதியிருக்கிறேன். நட்டு முடுக்கியது அவள் கை, ஒப்புக்கொள்கிறேன். சக்கரத்தில் துப்பிக் கொதிப்பைக் கண்டது நான். மாஸ்டர் சிலிண்டரை ஆடாமல் பிடித்தது என் கை. அப்படியானால் நானும் வேலை பார்த்தவன்தானே? முறைப்படி அன்றைக்கு நானும் முன்னால்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்? அடுத்த விசேஷத்தில் பந்தி முடிந்ததும், அவள் கையை நீங்கள் தூக்கும்போது என் கையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இவனும் வேலை பார்த்தவன், இவனுக்கும் முன் சீட்டு பாக்கி இருக்கிறது என்று, சம்பந்திகள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.